கியூஆர் அட்டை யார் பெயரில்?

(2024 மகளிர் தின விழாவில், இணையவழி விற்பனை பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து கறிவேப்பிலைப் பொடி, சாம்பார் பொடி, இட்லிப் பொடி அரைக்கிறோம். முதலில் ஓசூர் சந்தையில் விற்றோம். பிறகு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டோம். சென்னை, கோயம்புத்தூர் என்று ஆர்டர் வந்தது. பணம் வாங்க என் மகனின் கியூஆர் படத்தையே எல்லோருக்கும் அனுப்பினேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு வருஷத்தில் அவன் கணக்கில் மூன்று லட்சத்துக்கு மேல் வந்து போயிருக்கிறது. அவன் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, "இது யாருடைய வருமானம்?" என்று கேட்டார்கள். கல்லூரிக்குப் போகிற பையன் என்ன பதில் சொல்வான்? அதைவிடக் கஷ்டம், எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா, "மூணு லட்சம் வந்துச்சாமே, எங்க கைக்கு வந்தது எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார். மிளகாய்க்கும் பருப்புக்கும் கூரியருக்கும் போனது போக மிச்சம் கொஞ்சம்தான். அதைக் காட்ட என்னிடம் நோட்டு இல்லை. எட்டு மாதம் அந்த அக்கா என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். தொழில் ஒருத்தருடையதா, குழுவுடையதா என்று முதல் நாளே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குழுவுடையது என்றால் குழுவின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, கியூஆர். உணவுப் பாதுகாப்புப் பதிவும் அதே பெயரில். வரவு செலவு எழுத நாற்பது ரூபாய் நோட்டு போதும்.

அந்த உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். 14 இலக்க எண் வரும்; அதைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். கூடவே என்னென்ன சேர்த்திருக்கிறோம், நிகர எடை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், எல்லா வரியும் சேர்த்த விலை, நம் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், சைவம் என்றால் பச்சைக் குறி. எடையைப் பேனாவால் எழுதி ஒட்டி நாங்கள் பேச்சு வாங்கியிருக்கிறோம். பாக்கெட் போட்டு விற்பவர்கள் எடையளவு சட்டத்திலும் பதிய வேண்டும். அது தொழிலாளர் துறை அலுவலகத்தில்.

இப்போது ஜிஎஸ்டி. நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஓசூரிலிருந்து கன்னியாகுமரிக்கு அனுப்பினாலும் பிரச்சினை இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டி, பெங்களூருக்கு ஒரே ஒரு பாக்கெட் பொடியை விற்று அனுப்பினால் பதிவு வேண்டும். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் 40 லட்சக் கணக்கு செல்லாது. பட்டியலில் உள்ள மூங்கில் கூடை போன்ற கைவினைப் பொருட்களுக்கு மட்டும் 20 லட்சம் வரை விலக்கு உண்டு. அதற்கும் பான் எண்ணும் இ-வே பில்லும் வேண்டும்.

பெரிய இணையச் சந்தைகளில் விற்க முன்பெல்லாம் ஜிஎஸ்டி எண் கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். "ஜிஎஸ்டி இல்லாம நடக்கவே நடக்காது" என்று புரோக்கர் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

புரோக்கர் என்றதும் நம் சகோதரி ஒருவர் ஞாபகம் வருகிறது. இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், சொல்லச் சொன்னதும் அவரேதான். 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஜிஎஸ்டியும் உத்யம் பதிவும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. விற்பனை நடக்காவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய் ஏறும். ஒரு பாக்கெட் வெளியூர் போகாமலேயே அவர் அபராதம் கட்டினார். பதிவு வாங்குவது சுலபம். அதைக் காப்பாற்ற மாதாமாதம் ஒரு ஆள் வேண்டும்.

வருமான வரிக்கு வந்த பணம் முழுதும் கணக்கு என்று நினைக்காதீர்கள், லாபம்தான் கணக்கு. தனியாகத் தொழில் செய்கிறவர் ஐந்து லட்சத்தைக் கணக்கில் வாங்கியிருந்தால், அதில் 6 சதவீதம், அதாவது 30,000 ரூபாயை வருமானமாகக் காட்ட ஒரு எளிய வழி சட்டத்திலேயே இருக்கிறது. ரொக்கமாக வாங்கியதற்கு 8 சதவீதம்.

இப்போது எங்கள் கியூஆர் குழுவின் பெயரில் இருக்கிறது. சண்டை போட்ட அக்காதான் நோட்டு எழுதுகிறார். என்னையே ரசீது கேட்கிறார். பெங்களூரிலிருந்து கேட்பவர்களுக்கு "ஓசூர் வரும்போது வாங்கிக்குங்க" என்கிறோம். இங்கே வந்து வாங்கினால் அது நம் மாநில விற்பனை. அப்படிக் கேட்டவர்கள் இதுவரை 31 பேர், பெயரோடு எழுதி வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டி எடுப்பதா, ரிட்டர்ன் போடும் பொறுப்பு யாருக்கு என்று அடுத்த குழுக் கூட்டத்தில் பேசப் போகிறோம்.