நீச்சல்குளத்தை மூடுவதற்கு முன்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் நீச்சல்குளத்தில் இரண்டு வருடமாக யாரும் இறங்கவில்லை. மூட வேண்டும் என்று பாதிப் பேரும், இருக்கட்டும் என்று மீதிப் பேரும் சொல்கிறீர்கள். கட்டுமானத் துறையில் இருந்தவன் என்பதால், அதில் உள்ள வேலையைப் பற்றி மட்டும் பேசச் சொன்னார்கள்.

முதலில் கணக்கு. குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம். மொத்தம் 86,400 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏழு நடைக்கும் மேல். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஒரு லாரிக்கு நாம் நாள்கணக்கில் காத்திருந்தது நினைவிருக்கும். யாரும் குளிக்காவிட்டாலும் மோட்டார் ஓட வேண்டும், குளோரின் போட வேண்டும். நிறுத்தினால் தண்ணீர் தேங்கிக் கெடும், கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும்.

"தண்ணீரை வெளியேற்றிவிட்டு அப்படியே காலியாக விட்டால் என்ன?" என்று சிலர் கேட்டீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். மாலையில் பந்து உள்ளே விழுந்தால் பிள்ளைகள் வேலியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். தண்ணீர் இல்லாத குளத்தில் கீழே இருப்பது வெறும் கான்கிரீட். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. காலியான தொட்டி ஒரு படகு மாதிரி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது அது தொட்டியைக் கீழிருந்து மேலே தள்ளும். அழுத்திப் பிடிக்க உள்ளே தண்ணீரின் எடை இருக்காது. தளம் விரிசல் விடும். சில இடங்களில் தொட்டியே மேலெழும்பி, சுற்றியுள்ள குழாய்களை உடைத்துவிடும்.

மூடுவதற்கு இரண்டு வழி உண்டு. எல்லாவற்றையும் உடைத்து லாரியில் அள்ளிப் போவது ஒன்று, செலவு அதிகம். சுவரின் மேல்பகுதி இரண்டு மூன்று அடியை மட்டும் உடைத்து, மீதியைப் புதைப்பது மற்றொன்று. மேலே கட்டடம் எழுப்பாமல் தோட்டம் மட்டும் போடுவதாக இருந்தால், நமக்கு இது போதும்.

வரிசை முக்கியம். குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டபின், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செடிகளுக்கு விடலாம். எலக்ட்ரீஷியனை வைத்து மோட்டார் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், குழாய்களை அடைக்க வேண்டும். அடுத்து, தளம் முழுக்க ஓட்டைகள் போட வேண்டும். இதைத்தான் பல ஒப்பந்தக்காரர்கள் விட்டுவிடுவார்கள். ஓட்டை இல்லாமல் மண்ணை நிரப்பினால் மழைநீர் இறங்க வழியில்லாமல் தோட்டம் சேறாகிவிடும், செடிகளின் வேர் அழுகிவிடும்.

அதன்பின் அடியில் உடைத்த கான்கிரீட், மேலே ஜல்லி, அதற்கு மேல் மண். மண்ணை ஒரே நாளில் கொட்டக் கூடாது. ஒரு அடிக்கும் குறைவாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு அடித்து, அடுத்த அடுக்கு. இல்லாவிட்டால் இரண்டு மழையில் நடுவில் பள்ளம் விழும். குளத்தின் கொள்ளளவு சுமார் 30 யூனிட். மண் அமுங்கும் என்பதையும் கணக்கில் வைத்து விலை கேளுங்கள்.

நம் குளம் நேராகத் தரையில் இருப்பதால்தான் இந்த முறை. உறவினர் குடியிருப்பில் கார் நிறுத்தும் தளத்துக்கு மேலே குளம் இருந்தால், இதைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். அதே அளவு ஈர மண் இரண்டு டன் வரை வரும். அந்தத் தளம் தாங்குமா என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக ஒரு யோசனை. தொட்டியில் கசிவு இல்லை என்றால், மேலே ஸ்லாப் போட்டு மழைநீர்த் தொட்டியாக்கலாம். 600 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 60,000 லிட்டர் விழும். பிள்ளைகள் மேலே ஓடுவார்கள் என்பதால் ஸ்லாப்பைப் பொறியாளர் வடிவமைக்க வேண்டும்.

குளம் இருந்தால் வீட்டுக்கு விலை கூடும் என்று சொல்பவர்களின் கவலை நியாயமானதே. ஆனால் வீடு பார்க்க வருபவர் பாசி பிடித்த குளத்தைப் பார்த்தால், பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார். அதே சமயம், இது பொது இடம். எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. செயற்குழு மட்டும் முடிவெடுக்க முடியாது. பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் மாறுவதால் அனுமதி தேவையா என்று எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். கசிவைச் சோதித்து, இரண்டு யோசனைக்கும் எழுத்தில் விலை வாங்குவோம். பொங்கலுக்குள் முடிவெடுத்தால், நீர்மட்டம் கீழே இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வேலையை முடித்துவிடலாம். அதுவரை தண்ணீரை வெளியேற்ற வேண்டாம். வேலியின் கதவுக்குப் பூட்டு மட்டும் நாளைக்கே போட்டுவிடுவோம்.