ஓட வைத்தால் போதுமா?
பழைய ஜீப், ட்ரக்டர் வாங்கித் திருத்தும் தம்பிமாருக்குச் சில வார்த்தைகள்

(உருத்திரபுரத்தில் நடைபெற்ற தோட்ட இளைஞர் சந்திப்பில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



பழைய வாகனங்களை வீட்டிலேயே திருத்திப் பாவிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நலன்புரி உத்தியோகத்தருக்கும் ஜீப் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் யோசிப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

ஊழியர் சேமலாப நிதிக் காசை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அந்தக் காசு வந்த வாரமே மகன் வந்து நிற்கிறான். "அப்பா, ஒரு பழைய லான்ட் ரோவர் விலைக்கு இருக்கு. எடுத்துத் திருத்தி ஹயருக்கு விட்டா மாசாமாசம் காசு வரும்" என்கிறான். அப்பாவும் கொடுத்துவிடுகிறார். முப்பது வருஷம் மலையில் உழைத்த காசு ஒரு துருப்பிடித்த சேஸியில் போய் முடங்குகிறது. பிறகு அதே ஜீப்பில்தான் நம்முடைய பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். குடும்பத்தின் காசும் உயிரும் ஒரே வண்டியில் ஏறியிருக்கிறது. அதனால்தான் இதைப் பேசுகிறேன்.

வன்னியில் வண்டி ஓடிய காலம்

இந்தப் பேச்சுக்கு உருத்திரபுரம் பொருத்தமான ஊர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னியில் வந்து குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் நிறைய. என் குடும்பமும் அப்படி வந்ததுதான். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலின் பெயரையே ஊர்ப் பெயராகச் சொல்லும் இந்த மண்ணில்தான் நான் வளர்ந்தேன்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. அதன்பிறகு பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2002 இல்தான் அந்தத் தடை பெரும்பாலும் நீங்கியது. இடையில் ஏறக்குறைய 12 வருஷம். ஆனால் அந்த 12 வருஷமும் வன்னியில் வண்டிகள் ஓடின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள், பலகையால் பொடி கட்டிய தட்டி வான்கள், மோட்டார் சைக்கிள்கள், ட்ரக்டர்கள் எல்லாம் ஓடின. எதில் ஓடின? மண்ணெண்ணெயில்.

எப்படி என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி எடுத்து காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடும். வெள்ளைப் புகை ரோட்டை மூடும். நாற்றம் உடுப்பில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவார்.

இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை செய்த பேர்குசன் ட்ரக்டரில், மண்ணெண்ணெய் மாதிரியான ஓர் எண்ணெயில் ஓடும் வகையும் இருந்தது. அதையும் பெற்றோலில் ஸ்டார்ட் செய்துதான் மற்ற எண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆனால் கம்பனிக்காரன் அதற்கென்றே எஞ்சினுக்குள் அமுக்கத்தைக் குறைத்துச் செய்திருந்தான். நம்மவர்கள் கையில் இருந்ததோ பெற்றோலுக்காகச் செய்த எஞ்சின். அதனால் தட்டுகிற சத்தம் வந்தது, பிஸ்டன் அடி வாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீர் மாதிரி ஆக்கியது. விஷயம் தெரிந்தவர்கள் ஹெட் கேஸ்கட்டைத் தடிப்பாக வைத்தார்கள், ஒயிலை அடிக்கடி பார்த்தார்கள், பாரத்தைக் குறைத்தார்கள். அவர்களுடைய வண்டி நிலைத்தது.

2022 இல் எண்ணெய் வரிசை வந்தபோது நாட்டில் சிலர் திரும்பவும் மண்ணெண்ணெய் கலந்து பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. அதோடு அந்த இலாபமும் போனது. இப்போதைய எஞ்சின்களில் எண்ணெயைக் கணினி அளந்து பீச்சுகிறது. அதில் இந்த வேலையைச் செய்தால் பம்பும் போகும், இன்ஜெக்டரும் போகும். யாரும் செய்ய வேண்டாம்.

மேடும் தட்டை நிலமும்

வன்னி மெக்கானிக்மாரின் கைத்திறமையைப் பார்த்து மெச்சுங்கள், படியுங்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். இது தட்டை நிலம். இரணைமடுத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஓரத்தில் பிறேக் பிடிக்காத வண்டி உருண்டால் வயலுக்குள் போய் நிற்கும். உங்கள் தோட்டத்து ரோட்டில் உருண்டால் எங்கே போய் நிற்கும்? இங்கே அந்தக் காலத்தில் வண்டியை ஓட வைப்பதுதான் கேள்வி. மேட்டில் முதல் கேள்வி, வண்டியை நிறுத்த முடியுமா என்பது.

லான்ட் ரோவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

லான்ட் ரோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளியே வந்தது. யுத்தத்தில் ஓடிய அமெரிக்க ஜீப்பைப் பார்த்துத்தான் அதைத் திட்டமிட்டார்கள். அப்போது இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் பொடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பொடி துருப்பிடிக்காது. ஆனால் கீழே இருக்கிற சேஸி உருக்கு, உள்ளே வெறும் பெட்டி மாதிரி. மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். மேலே புதுப் பெயின்ட் மினுங்கும், கீழே அப்பளம்.

இந்தியாவில் டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்ஜங் என்று ஓர் ஊர். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன 1950களின் லான்ட் ரோவர்கள் அங்கே இப்போதும் ஓடுகின்றன. 3,636 மீற்றர் உயரமான சந்தக்பூ மலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பலவற்றுக்கு இந்திய டீசல் எஞ்சின் போட்டிருக்கிறார்கள். எழுபது வருஷத்து வண்டியாலும் பிழைக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆகவே, வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன்.

வாங்கும்போதும் திருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

1. சுத்தியலோடு போங்கள். சேஸியின் அடியில், பின் குறுக்குச் சட்டத்தில், ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும். உக்கிய இரும்பு பொத்தென்று சத்தம் போடும். மேலே தகடு வைத்து ஒட்டிய வெல்டிங்கை நம்ப வேண்டாம். உக்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு வைக்க வேண்டும்.

2. பிறேக்கில் தொடங்குங்கள். கன பழைய லான்ட் ரோவர்களில் நாலு சில்லுக்கும் ஒரே பிறேக் லைன்தான். ஒரு குழாய் வெடித்தால் நாலும் போய்விடும். குழாய், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். முடிந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைனாக, விஷயம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு மாற்றுங்கள். பெயின்டுக்கும் சீற்றுக்கும் பிறகு காசு தேடலாம்.

3. ஹேண்ட் பிறேக்கை மட்டும் நம்பி மேட்டில் ஆட்களை இருத்திவிட்டு இறங்க வேண்டாம். இந்த வண்டியில் ஹேண்ட் பிறேக் சில்லைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னாலிருந்து சில்லுக்குப் போகிற சுழல் தண்டைப் பிடிக்கிறது. பின் அச்சு ஒன்று முறிந்தாலும், பின் சில்லு ஒன்று நிலத்தை விட்டு எழும்பினாலும் அது நிற்காது. கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

4. டீசல் எஞ்சின் மாற்றுகிறவர்கள் இதைக் கேளுங்கள். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறபோது ஒரு வெறுமை உண்டாகும். சில வண்டிகளில் பிறேக்குக்குக் கூடுதல் பலம் தருவது அந்த வெறுமைதான். டீசல் எஞ்சினில் அது கிடைக்காது. தனியாக வக்யூம் பம்ப் பொருத்த வேண்டும். பொருத்தாவிட்டால் பிறேக் பெடல் கல்லு மாதிரி இருக்கும். புது எஞ்சின் வண்டியைக் கூடுதல் வேகமாக இழுக்கும், பிறேக் மட்டும் பழையதாகவே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்க வேண்டாம்.

5. உயர்த்திக் கட்டுவதில் அளவு வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் பாரமும் மேலே போகும். கூரையில் மரக்கறி மூடையும் ஏறினால் வளைவில் சாய்ந்துவிடும்.

6. இறக்கத்தில் லோ கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் வேண்டாம். காய்ந்த தார் ரோட்டில் நாலு சில்லு இழுவையைப் போடாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இழுபட்டுப் பல் முறியும். அது சேற்றுக்கும் கல்லு ரோட்டுக்கும் உரியது.

லான்ட் மாஸ்டர் விஷயம்

இந்த ஊரில் இரண்டு சில்லு ட்ரக்டரை லான்ட் மாஸ்டர் என்பார்கள். வயல் உழும், பெட்டி பூட்டினால் நெல் மூட்டை ஏற்றும், கலியாண வீட்டுக்கு ஆட்களையும் ஏற்றும். அதைப் பார்த்து உங்கள் தோட்டங்களிலும் சிலர் வாங்கியிருக்கிறார்கள். ஒரு முக்கியமான விஷயம் சொல்கிறேன், மனதில் வையுங்கள்.

இதைத் திருப்புவதற்குக் கைபிடியில் இரண்டு பக்கமும் பிடி இருக்கும். இடது பக்கப் பிடியை அமத்தினால் இடது சில்லுக்குப் போகிற இழுவை நிற்கும். தட்டையில் வண்டி இடது பக்கம் திரும்பும். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ளும். இழுவை விட்ட சில்லு அப்போது கட்டவிழ்ந்து கூடுதல் வேகமாக ஓடும். அதனால் வண்டி எதிர்ப்பக்கம், அதாவது வலது பக்கம் திரும்பும். இது பழுது கிடையாது, அதன் அமைப்பே அப்படி. வன்னியில் வாழ்நாள் முழுக்க ஓட்டியவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் இங்கே இறக்கம் இல்லை. மலையில் தெரியாமல் ஓட்டினால் ஒரே ஒரு தடவைதான். இறக்கத்தில் அந்தப் பிடியைத் தொடாமல், சின்ன கியரில், கைபிடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். பெட்டிக்குத் தனிப் பிறேக் கட்டாயம் வேண்டும். ஆட்களை ஏற்றவே கூடாது.

பதிவும் காசும்

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. இரண்டு மூன்று வண்டியைச் சேர்த்து ஒரு வண்டியாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே காசு கொடுக்கும் முன் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிலே தேடிப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். எஞ்சினோ பொடியோ நிறமோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதியாத மாற்றத்தோடு ஒரு விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி கையை விரிக்கலாம். அப்போது அப்பாவின் சேமலாபக் காசும் போய், கடனும் வரும்.

இன்னொன்று. வண்டி வாங்கக் காசு இருந்தால், அதில் ஒரு பங்கைத் திருத்தத்துக்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள். கையில் உள்ளது முழுவதையும் வண்டிக்கே கொடுத்தவர், பிறேக் ஹோஸ் வாங்கக் காசில்லாமல்தான் முதல் ஹயருக்குப் போகிறார்.

தங்கைமாருக்கும் தாய்மாருக்கும்

கேரளத்தில் வயநாடு மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. 2023 ஆகஸ்ட் 25 அன்று தலப்புழாப் பக்கத்தில், தோட்ட வேலை முடிந்து வந்த பெண்களை ஏற்றிய ஜீப் பள்ளத்தில் விழுந்தது. 9 பெண்கள் செத்துப்போனார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள், நம்மைப் போன்றவர்கள். காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு வீட்டை விட்டுப் போனவர்கள்.

ஆகவே வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னதை ஏறுகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஓட்டுகிற தம்பி உங்கள் லயத்துப் பிள்ளையாகவே இருக்கட்டும். "பிறேக் எப்ப பார்த்தது? எத்தனை பேர் ஏத்தப் போற?" என்று கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். நாலு பேராகச் சேர்ந்து, இவ்வளவு பேருக்கு மேல் ஏறமாட்டோம் என்று சொன்னால் அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஹயர்க் காசு உங்கள் கையில்தானே இருக்கிறது.

தம்பிமாரே, நாளைக்குக் காலையில் இந்த ஊர் கராஜ் ஒன்றுக்கு உங்களைக் கூட்டிப் போவார்கள். வெட்கப்படாமல் கேள்வி கேளுங்கள், எண்ணெய் படியக் கையை வைத்துப் பாருங்கள். ஒன்றுமே கிடைக்காத காலத்தில் வண்டி ஓட்டியவர்கள் அவர்கள். எஞ்சினைப் பற்றி அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். பிறேக்கைப் பற்றி, ஊருக்குப் போனபின் உங்கள் மலை ரோட்டைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள்.