வீட்டுக் கணினியில் யாருக்கு எவ்வளவு உரிமை?

பல வீடுகளில் ஒரே ஒரு கணினிதான். அப்பா வங்கிக் கணக்குப் பார்ப்பது அதில், அம்மா தையல் கடைக்கு பில் போடுவது அதில், பையன் விளையாடுவதும் அதில்தான். எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. வாங்கிய அன்று கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு அது. வருஷக்கணக்கில் அதுவே ஓடிக்கொண்டிருக்கும். அதை மாற்றச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

கணினிக்கு ஆளைத் தெரியாது, கணக்கைத்தான் தெரியும். நீங்கள் எந்தக் கணக்கில் உள்ளே வந்தீர்களோ, அந்தக் கணக்கின் அதிகாரம் நீங்கள் திறக்கும் மென்பொருளுக்கும் போய்ச் சேர்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் உட்கார்ந்து பையன் இலவச விளையாட்டு என்று எதையோ இறக்குகிறான். அனுமதி கேட்கிறது, 'யெஸ்' என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். விண்டோஸின் அடிவயிறு வரை அதற்கு வழி திறந்துவிடுகிறது. வீட்டில் எல்லோருடைய கோப்புகளும் அதன் கைக்கு எட்டும். இதையே அதிகாரம் குறைந்த 'ஸ்டாண்டர்டு' கணக்கில் செய்திருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டு அங்கேயே நின்றிருக்கும்.

தனித்தனிக் கணக்கு என்ற ஏற்பாடு அறுபது வருஷத்துக்கு மேல் பழையது. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்கக்கூடாது என்று அதில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தார்கள். வீட்டுக்கு வந்த கணினிகளோ ஒரே ஆளுக்கு என்று எண்ணிச் செய்யப்பட்டவை. விண்டோஸ் 95-இல் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் 'கேன்சல்' அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது உருப்படியான கணக்குகள் வீட்டுக்கும் வந்தன. ஆனால் நிறுவும்போது உருவாக்கிய கணக்குகளெல்லாம் அட்மினிஸ்ட்ரேட்டராகவே அமைந்தன. 2007-இல் விண்டோஸ் விஸ்டா ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கத் தொடங்கியதும் ஜனங்களுக்கு எரிச்சல். படிக்காமலே 'யெஸ்' தட்டும் பழக்கம் அன்றைக்கு வேரூன்றியது என்பது என் எண்ணம்.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆனால் வரிசை முக்கியம். செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்' பகுதிக்குப் போய்ப் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அதன் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். அந்தக் கணக்கில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அங்கிருந்தபடியே உங்கள் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்டு' என்று மாற்றுங்கள். உங்கள் படங்கள், கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு வீட்டில் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு ஸ்டாண்டர்டு கணக்கு. புதிய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஏதாவது நிறுவும்போது மட்டும்.

அடுத்தது பங்கிட்டுக்கொள்ளும் விஷயம். குடும்பப் படங்கள் எல்லோருக்கும் வேண்டும். வரவு செலவு ஃபோல்டர் அம்மா அப்பாவுக்கு மட்டும் போதும். எல்லோருக்கும் பொதுவானவற்றை விண்டோஸ் தானே வைத்திருக்கும் 'பப்ளிக்' ஃபோல்டரில் போட்டுவிடலாம். சிலருக்கு மட்டும் என்றால், ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'செக்யூரிட்டி' பக்கம் போக வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 'யூசர்ஸ்' என்ற குழுவைப் பார்த்ததும், பிள்ளைகளைத் தடுப்பதாக எண்ணி அதற்கு நேரே 'டினை', அதாவது மறுப்பு, என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். அடுத்த நிமிஷம் அவர்களுக்கே ஃபோல்டர் திறக்காது. ஏனென்றால் அந்தக் குழுவில் அவர்களும் அடக்கம். ஒரே இடத்தில் அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்புதான் ஜெயிக்கும். ஆகவே 'டினை' பக்கமே போகாதீர்கள். 'அட்வான்ஸ்டு' பகுதியில், மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கிவரும் உரிமையைத் துண்டித்துவிட்டு, 'யூசர்ஸ்', 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற இரண்டு குழுக்களைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். வேண்டியவர்களின் பெயரை மட்டும் சேருங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அனுமதி இல்லை, அவ்வளவே.

உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இன்னும் தெளிவு. ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், ஒரு குழு, மற்றவர்கள் என்று மூன்றே தரப்பு. குடும்பத்துக்கென்று ஒரு குழுவை உருவாக்கி ஃபோல்டரை அதன் பெயரில் எழுதிவிடலாம். அந்த ஃபோல்டருக்கு 'செட்ஜிஐடி' என்ற குறியையும் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் மகள் புதிதாகச் சேர்க்கும் கோப்பு அவளுடைய சொந்தக் குழுவின் பெயரில் போய்விடும், உங்களால் அதைத் திருத்த முடியாது. ஒருவரைக் குழுவில் சேர்த்த பின்பும் வேலை செய்யவில்லையா? அவர் வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் புதிய உரிமை கைக்கு வரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்டாண்டர்டு கணக்கில் இருந்தாலும், நீங்கள் திறக்கும் கெட்ட மென்பொருள் உங்களுடைய கோப்புகளை நாசமாக்க முடியும். மற்றவர்களுடையதும் கணினியும் தப்பும், உங்களுடையது தப்பாது. வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி வைக்கும் வேலை இருக்கவே இருக்கிறது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள், அவள் கணக்கை எடுத்துவிடலாம் என்று ஒரு நாள் தோன்றலாம். விண்டோஸில் செட்டிங்ஸ் வழியாக நீக்கினால் கணக்கோடு அவளுடைய படங்களும் ஆவணங்களும் சேர்ந்தே அழிந்துவிடும். பழைய 'கண்ட்ரோல் பேனல்' வழியாகப் போனால் 'கீப் ஃபைல்ஸ்' என்று கேட்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அவை உங்கள் டெஸ்க்டாப்பில் அவள் பெயரிலேயே ஒரு ஃபோல்டராக வந்துவிடும். எதற்கும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீக்குங்கள்.