முன்வாசல்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன். இங்கே ரொறன்ரோவில் பிற்பகல். இலண்டனில் இருப்பவர்களுக்கு இரவு, அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் விடியவில்லை. தூக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி.

இந்த மாதம் விளையாட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். "தம்பி, எனக்குக் கிரிக்கெட் அவ்வளவாகத் தெரியாது, நான் விளையாடுவது கோல்ஃப்" என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பரவாயில்லை அண்ணை, அதையே பேசுங்கோ" என்றார். அந்தக் கொஞ்ச நேர மௌனத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கோல்ஃப் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு மௌனம் வருகிறது. அது பணக்காரர் விளையாட்டு, வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கு அங்கே என்ன வேலை என்ற மௌனம்.

எனக்கும் அது இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுநர். நுகேகொடையில் அறை. காலையில் களனிப் பள்ளத்தாக்குக் கோச்சியில் மருதானைக்குப் போவேன். அப்போது அது குறுகிய தண்டவாளத்தில் ஓடிய சின்னக் கோச்சி. நாரஹேன்பிட்டி கழிந்ததும் திடீரென்று இரண்டு பக்கமும் பச்சை விரியும். ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம். கோச்சிப் பாதை அந்த மைதானத்தின் ஊடாகவே போகிறது. வெள்ளைக் காற்சட்டை போட்ட மனிதர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு நாங்கள் போகும்வரை காத்து நிற்பார்கள். நெரிசலில் தொங்கிக்கொண்டு நான் அவர்களைப் பார்ப்பேன். ஒருவர்கூட எங்களைப் பார்த்ததாக நினைவில்லை. கோச்சி அந்தப் பச்சையைக் கடக்க ஒன்றிரண்டு நிமிடம்தான். 83 ஆடியோடு அந்தப் பயணம் நின்றுபோனது. ஆனால் அந்தப் பச்சை மட்டும் எனக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது.

கனடா வந்து பத்து வருடத்துக்குப் பிறகு, ஒரு வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்றார்கள். ஒரு பை நிறைய மட்டைகள், 40 டொலர். வாங்கிவிட்டேன். "இது எதற்கு?" என்றார் மனைவி. எனக்கும் பதில் தெரியவில்லை.

இந்த நகரத்தில் மாநகரசபை நடத்தும் கோல்ஃப் மைதானங்கள் ஐந்து இருக்கின்றன. யாரும் போகலாம், காசு கட்டி விளையாடலாம். விக்டோரியா பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டென்டோனியா பார்க். குழிகள் எல்லாம் குறுந்தூரம், பழகுகிறவர்களுக்கு ஏற்ற இடம். முதல் நாள் பந்தைவிட மண்தான் தூரம் போனது. கொஞ்சம் தேறியபின் ஸ்காபரோவில் உள்ள டாம் ஓ ஷான்டருக்கு மாறினேன். இலக்கியக் கூட்டம் என்பதால் சொல்கிறேன், அந்தப் பெயர் ஸ்கொட்லாந்துக் கவிஞர் ரொபர்ட் பர்ன்ஸின் ஒரு கதைக் கவிதையின் நாயகன் பெயர். குடித்துவிட்டுக் குதிரையில் வீடு திரும்பும்போது சூனியக்காரிகள் துரத்த உயிர் தப்பி ஓடுகிறவன். அந்த மைதானத்தில் என் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

பொது மைதானத்தில் ஓர் அழகு உண்டு. தனியாகப் போனால், நிற்கிற ஆட்களோடு சேர்த்து நான்கு பேராக்கி அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் ட்ரினிடாடில் பிறந்த ஒரு பேருந்துச் சாரதியைச் சந்தித்தேன். அவருக்கு ஓய்வுநாள் புதன்கிழமை. பன்னிரண்டு வருடமாகப் புதன்கிழமைகளில் சேர்ந்து விளையாடுகிறோம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போனேன், என் தாயாரின் செத்தவீட்டுக்கு அவர் வந்தார்.

ஆனால் குறையையும் சொல்லவேண்டும். சனிக்கிழமை என்றால் ஒரு சுற்று ஐந்தரை மணித்தியாலம். முன்னால் போகிறவர்கள் பந்து தேடுவார்கள், நாங்கள் நிற்போம். நேரம் பதிவுசெய்யக் கணினிக்கு முன்னால் விழித்திருக்கவேண்டும். இங்கே விளையாடக் கிடைப்பதே சித்திரை தொடங்கி ஐப்பசி வரைக்கும்தான்.

அப்போதுதான் கூட வேலை செய்தவர் ஒருவர் தன்னுடைய தனியார் கழகத்துக்கு விருந்தினராக அழைத்தார். பெயர் வேண்டாம். வாசலில் நின்றவர் என் பெயரைப் பிழையில்லாமல் சொல்லி வரவேற்றார். இந்த நாட்டில் என் முழுப்பெயரைத் தடங்காமல் சொன்ன முதல் அந்நியர் அவராக இருக்கவேண்டும். புல் கம்பளம்போல் இருந்தது. நான்கு மணித்தியாலத்தில் ஆட்டம் முடிந்தது. உடுப்பு மாற்றும் அறையில் ஒவ்வோர் அலுமாரியிலும் பித்தளைத் தகட்டில் ஒரு பெயர். அந்தத் தகடுகளை நான் நின்று வாசித்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் புல்லைவிட அந்தப் பித்தளைதான் என்னை இழுத்தது. ஊரை விட்டு வந்தவனுக்குத் தன் பெயர் ஓரிடத்தில் பொறிக்கப்படுவது சின்ன விசயம் இல்லை.

சேருவதற்கு ஓர் உறுப்பினர் முன்மொழியவேண்டும், இன்னொருவர் வழிமொழியவேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு நல்ல புதிய காரின் விலை. ஆண்டுச் சந்தா வேறு. வருடத்துக்கு இவ்வளவு தொகைக்கு அங்கே சாப்பிட்டே ஆகவேண்டும், சாப்பிடாவிட்டாலும் காசு கட்டவேண்டும். மனைவி கேட்டுவிட்டு, "பசிக்காவிட்டாலும் காசு வாங்குகிற கடையை இப்பதான் கேள்விப்படுறன்" என்றார்.

சேருவதற்கு முன் கழகங்களின் கதையைக் கொஞ்சம் வாசித்தேன். 1963இல் தென்னாபிரிக்காவில், டர்பன் கன்ட்ரி கழகத்தில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் பாப்வா செவ்கோலம் வென்றார். இந்திய வம்சாவளியினர், மட்டைப் பை சுமந்து வளர்ந்தவர். இடக்கையைக் கீழே வைத்து, மட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஆடுவார். நிறவெறிச் சட்டம் அவரைக் கழகக் கட்டடத்துக்குள் விடவில்லை. வெளியே, மழையில் நிற்கவைத்துக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். தோற்ற வெள்ளையர்கள் உள்ளே இருந்தார்கள். ரொறன்ரோவிலும் யூதர்களை மற்றக் கழகங்கள் சேர்க்காத காலம் இருந்தது. அவர்கள் 1926இல் ஓக்டேல் என்ற தங்கள் கழகத்தைத் தொடங்கினார்கள். 2023இல் கனடியன் ஓப்பன் நடந்தது அந்த ஓக்டேலில்தான். நிக் டெய்லர் 72 அடி தூரத்திலிருந்து பந்தைக் குழியில் உருட்டி வென்றார். 69 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கனடியர் வென்ற நாள் அது.

இதையெல்லாம் வாசித்துக் கோபப்படுவது நமக்கு இலகு. ஆனால் நான் யாழ்ப்பாணத்தான். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போகக் கேட்டார்கள், நம்மவர்கள் வாசலை மறித்து நின்றார்கள். நாம் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் மட்டுமல்ல. உள்ளே நின்று கதவைப் பிடித்தவர்களும் நாமேதான். இங்கே வந்தபின் ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று நாம் நடத்தும் கூட்டங்களிலும் யார் யாரை முன்மொழிகிறார்கள் என்று பாருங்கள். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

இனி, இதுவரை நான் மேடையில் சொல்லாத ஒன்று.

என்னுடைய தரப்புள்ளி அப்போது 21. 2020இலிருந்து உலகம் முழுக்க ஒரே முறை. கடைசி இருபது சுற்றுகளில் நல்லதான எட்டை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். 72 அடியில் முடிக்கவேண்டியதை நான் வழக்கமாக 95 அடியில் முடிப்பேன். 90க்குக் கீழே வருவது என் பல வருடக் கனவு. இந்த விளையாட்டில் பெரும்பாலும் நடுவர் கிடையாது. ஆடுகிறவனே எண்ணிச் சொல்லவேண்டும், தன் பிழைக்குத் தானே தண்டம் போடவேண்டும்.

விண்ணப்பித்தவர்கள் நிர்வாகக் குழுவிலுள்ள ஒருவரோடு ஒரு சுற்று ஆடவேண்டும் என்பது அந்தக் கழகத்தின் வழக்கம். அன்று எனக்கு எல்லாம் நன்றாக வந்தது. பதினான்காவது குழியில் என் பந்து உயர்ந்த புல்லுக்குள் கிடந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தேன், பந்து அசைந்து ஓர் அங்குலம் கீழே இறங்கியது. மட்டையால் நானே அசைத்தது. பந்தைத் திரும்ப வைத்து ஓர் அடி கூட்டவேண்டும். வைக்காமல் அடித்தால் இரண்டு. நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. அடித்தேன்.

கடைசியில் எண்ணிக்கை 89. எல்லோரும் கைகொடுத்தார்கள். "முதல் தடவையா? அருமை" என்று குழுக்காரர் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன்.

பொபி ஜோன்ஸ் என்று ஓர் அமெரிக்கர். தொழிலால் வழக்கறிஞர், கடைசிவரை காசுக்கு ஆடாதவர். 1925 யூஎஸ் ஓப்பனில் இதேபோல உயர்ந்த புல்லில் அவருடைய பந்து அசைந்தது. வேறு ஒருவரும் காணவில்லை. அவரே தனக்குத் தண்டம் போட்டார். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமனிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் தோற்றார். எனக்கு அந்தக் கதை அன்றே தெரியும். தெரிந்துகொண்டுதான் அடித்தேன். அதே ஜோன்ஸ் பின்னர் சேர்ந்து நிறுவிய ஒகஸ்டா கழகம், முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990இல், முதல் பெண்களைச் சேர்த்தது 2012இல். ஓர் அடியில் அவ்வளவு நேர்மை இருந்த இடத்தில் வாசல் அப்படி இருந்தது. மனிதர் அப்படித்தான் போலிருக்கிறது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பேருந்துச் சாரதியோடு ஆடியதில் நான் ஒரு நாளும் பொய் எண்ணியதில்லை. ஏன் இங்கே மட்டும்? விடியும்போது விளங்கியது. அவருக்கு முன்னால் நான் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. இங்கே நான் அந்தப் பித்தளைத் தகட்டுக்காக ஆடினேன்.

காலையில் என்னை முன்மொழிந்தவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "நேற்றைய கணக்கு 89 இல்லை, 91" என்று நடந்ததைச் சொன்னேன். விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கவும் தயார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "91 என்று குழுவுக்கு நீங்களே எழுதிவிடுங்கள். என் கையெழுத்து அப்படியே இருக்கட்டும்" என்றார். எழுதினேன். எழுதிய மின்னஞ்சலை அனுப்புவதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது.

காத்திருப்போர் பட்டியலில் இரண்டு வருடம் இருந்தேன். போன வசந்தத்தில் கடிதம் வந்தது. சேர்ந்தேன். இதைக் கேட்டு உங்களில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம், கடைசியில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. எனக்கு அந்தப் புல் பிடிக்கும், அந்தக் காலை அமைதி பிடிக்கும். உள்ளே போக ஆசைப்பட்டது பிழை என்று நான் நினைக்கவில்லை. போனபின் கதவை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதல் விருந்தினராக என் புதன்கிழமை நண்பரை அழைத்துப்போனேன். அவர் தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டடத்தைப் பார்த்து, "நான் எந்த வாசலால் வரவேண்டும்?" என்று கேட்டார். அவர் பகிடியாகக் கேட்கவில்லை. முப்பது வருடம் இந்த நகரத்தில் பேருந்து ஓட்டியவர் அப்படிக் கேட்டார்.

"முன்வாசலால்" என்றேன். முதலில் அவர் போனார், பின்னால் நான் போனேன்.

அன்று அவர் 86. நான் 94. பித்தளைத் தகட்டில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 90க்குக் கீழே இன்னும் வரவில்லை. சரியாக 90 இரண்டு தடவை வந்திருக்கிறது. வந்தால் உங்களுக்குச் சொல்கிறேன், எண்ணிக்கையை நம்பலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.