‘டேக்’ என்றால் சாப்பிடு; ‘டேக் ஆஃப்’ என்றால்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் தோ பாயோவில் வசிப்பவள். எங்கள் வட்டாரத்தின் பெயரே இரண்டு மொழிகள் கைகோத்த பெயர். ‘தோ’ என்றால் ஹொக்கியனில் பெரிய. ‘பாயோ’, சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘பாயா’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, பெரிய சதுப்பு நிலம். இரண்டு சொல்லுக்கும் பொருள் தெரிந்தால் பெயருக்கும் பொருள் தெரிந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தில் சில ஜோடிச் சொற்கள் அப்படி அல்ல. ‘டேக்’ நமக்குத் தெரியும், ‘ஆஃப்’ நமக்குத் தெரியும். ‘டேக் ஆஃப்’ தெரியுமா?

தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என் அம்மா சமையலறையில் தலைசுற்றிச் சாய்ந்த நாள்வரை.

அம்மா இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுபவர். ஒருமுறை தனியாக மருந்தகத்துக்குப் போயிருந்தார். மருத்துவர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதியது ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய அட்டையைக் காட்டி, “ஆன்ட்டி, வீ ஆர் டேக்கிங் யூ ஆஃப் திஸ் ஒன்” என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் பழைய அட்டைகள் நிறைய மிச்சம் இருந்தன. ஒரு வாரம் இரண்டு மாத்திரையும் உள்ளே போயிருக்கிறது. விசாரித்தபோது அவர் சொன்ன பதில் இதுதான்: “டேக்குன்னுதானேம்மா சொன்னாங்க? அதான் சாப்பிட்டேன்.”

அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அம்மா சொன்னதில் என்ன தவறு? ‘டேக் மெடிசின்’ என்றால் மருந்து சாப்பிடு என்றுதான் இத்தனை வருடமாகக் கேட்டிருக்கிறார். வால் போல ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன ‘ஆஃப்’ அதைத் தலைகீழாகப் புரட்டிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரே சொல், எத்தனை வேடம்!

ஒரு நாளில் இந்த ‘டேக் ஆஃப்’ எத்தனை வேடம் போடுகிறது என்று பாருங்கள். வீட்டு வாசலில் காலணியை டேக் ஆஃப் செய்தால், கழற்றுகிறோம். சாங்கியில் விமானம் டேக் ஆஃப் ஆனால், மேலெழும்புகிறது. கடைக்காரர் விலையில் ஐந்து வெள்ளி டேக் ஆஃப் செய்தால், தள்ளிக் கொடுக்கிறார். புதிதாகத் தொடங்கிய வியாபாரம் டேக் ஆஃப் ஆனால், சூடுபிடித்துவிட்டது. விருந்து முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் ஒருவர் டேக் ஆஃப் ஆனால், கம்பி நீட்டிவிட்டார்! மேலதிகாரியைப் போலப் பேசி நடித்துக் காட்டினால் அதுவும் டேக் ஆஃப்தான். நம் சிங்கப்பூர்ப் பேச்சில் இன்னொன்றும் உண்டு. “நாளைக்கு டேக் ஆஃப்” என்றால் நாளைக்கு விடுப்பு.

கழற்று, மேலெழும்பு, தள்ளு, சூடுபிடி, கம்பி நீட்டு, நடித்துக் காட்டு, விடுப்பு எடு, நிறுத்து. எட்டுத் தமிழ் வினைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஜோடி. யார், எதை, எங்கே என்று பார்க்காமல் இதை மொழிபெயர்த்தால் விமானத்தைக் கழற்றிவிடுவோம்.

இதற்கு இணையான ஒற்றைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே உண்டு: ‘ரிமூவ்’, ‘டிபார்ட்’, ‘டிடக்ட்’, ‘இமிடேட்’. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் ஏராளமாக உள்ளே வந்தன. அவை அலுவலகத்திலும் ஏட்டிலும் இடம்பிடித்தன. இரட்டைச் சொற்கள் வீட்டுப் பேச்சில் தங்கின. இதில் வேடிக்கை, ‘டேக்’கே ஸ்காண்டிநேவியரிடமிருந்து வந்த சொல்தான்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவருக்கு இரட்டைச் சொல் எளிது, ஏட்டுச் சொல் கடினம். பள்ளியில் படித்துக் கற்ற நமக்கோ நேர்மாறு. ‘ரிமூவ்’ புரிகிறது, ‘டேக் ஆஃப்’ இடறுகிறது. எளிமையாகப் பேசுகிறோம் என்று நினைத்துத்தான் நாம் முதியவர்களைக் குழப்புகிறோம்.

தமிழ் மட்டும் சளைத்ததா?

ஆங்கிலத்தைக் குறைசொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. பாம்பும் படம் எடுக்கிறது, இயக்குநரும் படம் எடுக்கிறார். பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது. நமக்கும் வால் உண்டு. அதற்குப் பெயர் துணைவினை. “மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றால் சாப்பிட வேண்டும். “மாத்திரையை எடுத்துவிடுங்கள்” என்றால் அகற்ற வேண்டும். அம்மாவுக்கு நடந்த அதே விபத்து தமிழிலும் நடக்கலாம்! ‘தள்ளு’ என்பதைக் கற்றுக்கொண்ட சீன நண்பர், “கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்” என்று கேட்டால் யார் யாரைக் கீழே தள்ளியது என்றுதான் கேட்பார்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பதற்காகவே நம் முன்னோர் திவாகர நிகண்டில் தனித் தொகுதி ஒதுக்கினார்கள். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, துணைவினைகளையும் பிரித்து விளக்குகிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும்போது ‘எடு’வை மட்டும் தராதீர்கள். வாலோடு சேர்த்து வாக்கியமாகக் கொடுங்கள். ஆங்கிலத்துக்கும் அதே வழிதான்.

முதியவர்களிடம் பேசுவோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, ‘டேக் ஆஃப்’ வேண்டாம். ‘ஸ்டாப்’ என்று சொல்லுங்கள். இரண்டு, “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் தலையாட்டிவிடுவோம். “வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மருத்துவத் துறையில் இதை ஒரு முறையாகவே கற்பிக்கிறார்கள்.

முதியவர்களுக்கு வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். என் அம்மா இப்போது கூச்சப்படுவதில்லை. ஒவ்வோர் அட்டையாகக் கையில் தூக்கிக் காட்டி, “திஸ் ஒன் ஈட்டா, ஸ்டாப்பா?” என்று கேட்கிறார். இலக்கணம் சரியா தவறா என்று நான் பார்ப்பதில்லை. பதில் சரியாகக் கிடைக்கிறது, அது போதும்.