தலைக்கு மேலே தொங்கும் சுமை

(பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களின் இரவு வகுப்பில் ஒரு தொண்டர் பேசியது)



பகல் முழுவதும் கல்லும் மணலும் சுமக்கிறீர்கள். இரவில் சிலேட்டோடு வந்து உட்காருகிறீர்கள். இன்று புதிய எழுத்து எதுவும் இல்லை. படித்த எண்கள் நம் உயிரை எப்படிக் காக்கும் என்று பேசுவோம்.

போன மாதம் நடந்தது இது. நம் வகுப்பில் படிக்கும் ஒரு அக்கா சித்தாள் வேலைக்குப் போனார். மாடிக்குச் சாமான் ஏற்றும் வின்ச் அங்கே இருந்தது. அதன் தகட்டில் 1 என்ற எண் இருந்தது. பக்கத்தில் டன்னைக் குறிக்கும் ஆங்கில எழுத்து இருந்தது. தட்டில் 25 சிமெண்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

அக்கா மனக்கணக்குப் போட்டார். ஒரு மூட்டை 50 கிலோ. 25 மூட்டை 1,250 கிலோ. 1 டன் என்பது 1,000 கிலோதான்!

"மேஸ்திரி, சுமை அதிகம்" என்றார். மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. "உனக்கு என்ன தெரியும்?" என்று திட்டினார். பிறகு அவரே தகட்டைப் பார்த்தார். தட்டுக்கும் எடை உண்டு அல்லவா? அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். 7 மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

ஒவ்வொரு கிரேனுக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் தூக்கக் கூடாது. கிரேனின் கை நீள நீள, தூக்கும் அளவு குறையும். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். எது கஷ்டம்? கிரேனுக்கும் அப்படித்தான். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை ஓட்டுநர் அறையில் இருக்க வேண்டும்.

சுமை கட்டும் கயிற்றையும் பாருங்கள். வாளியின் பிடியில் கயிறு கோர்த்து இரண்டு பேர் பிடித்துத் தூக்குங்கள். பக்கத்தில் நின்றால் ஆளுக்குப் பாதி எடை. விலகிப் போனால் கயிறு கையை அறுக்கும். கிரேன் கயிறுகளும் அப்படியே. 1 டன் சுமையை இரண்டு கயிறுகள் நேராகத் தூக்கினால், ஒவ்வொன்றும் அரை டன் தாங்கும். அவை 120 டிகிரி அளவுக்கு விரிந்தால், ஒவ்வொன்றும் முழு 1 டன் தாங்க வேண்டும். இரும்புக் கயிற்றில் கம்பிகள் பிரிந்திருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. கொக்கியின் வாய்ப்பூட்டு உடைந்திருந்தாலும் தூக்கக் கூடாது.

எல்லாம் சரியாக இருக்கிறது. சுமையின் கீழே நிற்கலாமா? கூடாது. ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. ஆடும் சுமையைக் கையால் பிடிக்கவும் கூடாது. சுமையில் கட்டிய வழிகாட்டிக் கயிற்றைத் தள்ளி நின்று பிடிக்க வேண்டும். மின்கம்பி பக்கத்தில் கிரேனின் கை போகக் கூடாது.

2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு கிரேன் சாய்ந்தது. சோதனை நடக்கும்போதே விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். 2023-இல் அதே ஆகஸ்ட் 1. மகாராஷ்டிரத்தில் சாஹாப்பூர் அருகே பாலம் கட்டும் இடம். உத்தரம் தூக்கும் பெரிய இயந்திரம் இரவில் விழுந்தது. 20 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல வீட்டுக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள்தான்.

நம் வேலை இடத்தில் தமிழ், கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் பேசுகிறோம். கிரேன் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால்தான் கைச் சைகை. சைகை காட்ட ஒரே ஆள் இருக்க வேண்டும். ஆனால் "நிறுத்து" என்ற சைகையை யாரும் காட்டலாம். ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும்.

"சொன்னால் வேலை போய்விடுமே" என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலாளியிடமும் அரசு ஆய்வாளரிடமும் சொல்ல நமக்கு உரிமை உண்டு. தனியாகச் சொல்லப் பயமா? நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள்.

இன்று வீட்டுப்பாடம் இதுதான். நாளை உங்கள் வேலை இடத்துக் கிரேனில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். இரவு வகுப்பில் அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள். எண் எதுவும் எழுதவில்லை என்றால், அதையும் வந்து சொல்லுங்கள்.