ஓட்டு யார் கையில் இருக்கிறது?

(தேங்காய்ப்பட்டணத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவின் சாரம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிற விஷயம் நமது தொகுதியின் அரசியல் சரித்திரம் என்பதாகும். யார் நின்றார், யார் ஜெயித்தார் என்று ஒரு ஜாபிதா வாசித்துவிட்டு உட்கார்ந்துகொள்வதானால் அதற்கு நான் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. ஓட்டு என்கிற ஒரு பாத்தியதை இந்த மூலையிலுள்ள ஜனங்களுக்கு எப்படி வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, வந்த பிறகு அது உண்மையில் யார் கையில் இருந்துவருகிறது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன். நான் சொல்வதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். சந்தேகமிருப்பவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். முடிவில் பதில் சொல்லுகிறேன்.

முதலில் நமது தொகுதியின் லட்சணத்தைப் பாருங்கள். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி கன்னியாகுமரி ஜில்லாவில் 18,70,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். இவர்களில் 100-க்கு 82 பேர் நகரவாசிகள் என்று சர்க்கார் எழுதி வைத்திருக்கிறது. இதைப் படிக்கிற வெளியூர்க்காரன் இங்கே மாடமாளிகை இருக்குமென்று நினைப்பான். வந்து பார்த்தால் தென்னையும் வாழையும் குளமும் ரப்பரும்தான். பேரூராட்சி என்று பெயர் வைத்த இடமெல்லாம் நகரம் என்று எழுதிக்கொண்டதால் வந்த பட்டணம் இது! படிப்பிலோ, 100-க்கு 91 பேருக்கு மேல் எழுத்தறிந்தவர்கள்; அந்தக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே முதல் ஸ்தானம் நமக்குத்தான். படிப்பு வந்தால் ஜாதி மத பேதம் தானாகவே போய்விடும் என்று சிலர் சொல்லுகிறார்கள். அந்த வைத்தியம் நமது ஊரில் எந்த மட்டில் பலித்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தப் பகுதி 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி வரையில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், அதற்குப் பிறகு வந்த திரு-கொச்சி ராஜ்யத்திலும் இருந்தது உங்களுக்குத் தெரியும். 1750-ல் மார்த்தாண்டவர்மா ராஜ்யத்தைப் பத்மநாபசாமிக்கே எழுதி வைத்துவிட்டார். அன்று முதல் நாட்டுக்குச் சொந்தக்காரர் படுத்திருக்கிற சாமி. ராஜா அவருடைய தாசன். கேட்பதற்கு எவ்வளவு பக்தியாக இருக்கிறது! ஆனால் நாடே சாமியின் சொத்தானால் குடிஜனங்களுக்கு அதில் என்ன பாத்தியதை இருக்க முடியும்? வரி கேட்க வருகிறவன் மனிதனாக வருவான். நியாயம் கேட்கப் போனாலோ சாமி பேசாது. இந்த ஏற்பாடு ஆளுகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்வதற்கு 1822 முதல் 1859 வரை அடியும் உதையும் பட்டு, வீடு எரிந்து, கடைசியில் ஒரு பிரகடனத்தைப் பெறவேண்டியிருந்தது. அதிலும், மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக்கூடாது என்று நிபந்தனை! துணிக்கே இப்படி அனுமதிச்சீட்டு வேண்டியிருந்த இடத்தில் ஓட்டுக்கு என்ன கதி? 1888-ல் திருவிதாங்கூரில் ஒரு சட்டசபை ஏற்பட்டது. இந்திய சமஸ்தானங்களில் இதுவே முதல் சட்டசபை என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அதில் 8 அங்கத்தினர்கள். 6 பேர் உத்தியோகஸ்தர்கள். 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜாசபை வந்தது. பெயர்தான் பிரஜாசபை, பணமும் நிலமும் உள்ளவனே பிரஜை. 1911-ல் புலையர் சமூகத்துத் தலைவர் அய்யன்காளி அதற்கு நியமிக்கப்பட்டார். அவரை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. அவருடைய ஜனங்களுக்கு ஓட்டே இல்லை. 1932-க்குப் பிறகு ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஒன்றுசேர்ந்து, எங்கள் தொகைக்குத் தக்க ஸ்தானம் கிடைக்காத எலெக்ஷன் எங்களுக்கு வேண்டாம் என்று விலகி நின்ற கிளர்ச்சியும் நடந்தது. அந்தக் கிளர்ச்சியைத் தேசத்துரோகம் என்றவர்கள்கூட இருந்தார்கள்.

ஊருக்குள்ளே நிலைமை என்ன? இந்த ஊரில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய கடலோர கிராமத்தின் கதையைப் படித்தவர்கள் இங்கே இருக்கலாம். முதலாளி வாய் திறந்தால் அதுவே சட்டம். ஏழை முஸ்லிம் அவருக்கு முன்னால் குனிந்து நிற்க வேண்டும். பிள்ளைகள் இங்கிலீஷ் படித்தால் மார்க்கம் கெட்டுவிடும் என்று கூச்சல். அந்தக் காலத்தில் ஓட்டு இருந்திருந்தால்தான் என்ன! முதலாளி வீட்டுத் திண்ணையிலேயே எண்ணி முடித்திருப்பார்கள்.

இனி, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்த கதைக்கு வருவோம். 1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் அந்த மாதிரியான முதல் எலெக்ஷன் நடந்தது. 120 ஸ்தானங்களில் காங்கிரஸ் 97 பிடித்தது. தமிழ்த் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று சொன்ன திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 பிடித்தது. அதன் தலைவர்களில் முக்கியமானவர் வக்கீல் நேசமணி. ராஜ்யமெங்கும் ஒரு கட்சி அடித்துக்கொண்டுபோன சமயத்தில் இந்தத் தெற்கு மூலை மட்டும் வேறு விதமாகச் சொல்லிற்று. அந்தக் கிளர்ச்சியில் 1948-ல் மங்காடு தேவசகாயம், கீழ்குளம் செல்லையன் என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கீழ்குளம் எங்கேயோ இல்லை, தோழர்களே! இங்கிருந்து நடந்தே போகலாம்.

1954-ல் நடந்ததுதான் மிகவும் யோசிக்கத்தக்கது. அந்த வருஷம் திரு-கொச்சியில் பிரஜா சோஷலிஸ்டு கட்சி வெறும் 19 அங்கத்தினர்களை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் தயவில் மந்திரிசபை அமைத்தது. பட்டம் தாணுப்பிள்ளை முதல் மந்திரி. ஆகஸ்டு 11-ந் தேதி, தமிழ்த் தாலுக்காக்களின் விடுதலை நாள் என்று ஊர்வலம் போனவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டார்கள். ஜனங்கள் மாண்டார்கள். ஏழைகளின் ராஜ்யம் என்று சொல்லிக்கொண்டு வந்த கட்சியின் சர்க்கார் சுட்டது! அப்போது அந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா வடக்கே சிறையில் இருந்தார். சிறையிலிருந்தபடியே, தன் சொந்தக் கட்சி மந்திரிசபை ராஜினாமா செய்யவேண்டும் என்று தந்தி கொடுத்தார். நிராயுதபாணிகளைச் சுட்ட சர்க்கார் எங்கள் சர்க்காராக இருந்தாலும் இருக்கக்கூடாது என்பது அவர் வாதம். கட்சி கேட்கவில்லை, மந்திரிசபை போகவில்லை. கட்சிதான் அடுத்த வருஷம் உடைந்தது. லோகியாவின் மற்ற அபிப்பிராயங்களில் நமக்கு எத்தனையோ வித்தியாசம் இருக்கலாம். ஆனால் புதுக்கடையில் செத்தவன் எந்த ஜாதி, எந்த மதம், எந்தப் பாஷை என்று பார்க்காமல் பேசிய ஒரு தலைவர் அவர் என்பதை மறக்கக்கூடாது.

1955-ல் ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுக்காக்களையும் செங்கோட்டையையும் தமிழ்நாட்டுக்குக் கொடுக்கச் சொல்லிற்று. தேவிகுளமும் பீருமேடும் கிடைக்கவில்லை. மறு வருஷம் நாம் இங்கே வந்து சேர்ந்தோம்.

வந்தபிறகு நடந்த முதல் எலெக்ஷனில், 1957-ல், ஒரு நல்ல காரியம் நடந்தது. குளச்சலில் லூர்தம்மாள் சைமன் என்ற அம்மையார் ஜெயித்து, காமராஜர் மந்திரிசபையில் மீன்வளத்துக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் மந்திரியானார். பெண் மந்திரி, அதுவும் மீன்பிடி இலாகாவுக்கு! இதைப் பற்றி நமது மேடைகளில் பேசுகிறவர் குறைவு. எனக்கு அதில் வருத்தமுண்டு.

1967-ல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் கவிழ்ந்தது. பார்லிமெண்டுக்கு 39 ஸ்தானங்களில் மூன்றே மூன்று கிடைத்தன. அவற்றில் ஒன்று நேசமணி நின்ற நாகர்கோவில். அதே எலெக்ஷனில் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். நேசமணி 1968-ல் காலமானார். 1969 ஜனவரியில் நடந்த உபதேர்தலில் காமராஜர் இங்கே வந்து நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சொந்த ஊர் தள்ளியவரை நாஞ்சில் நாடு தூக்கிவைத்தது என்று பெருமை பேசுகிறோம். பேசலாம். ஆனால் அந்த எலெக்ஷனில் அபேட்சகரின் ஜாதியைப் பற்றித் தெருவுக்குத் தெரு நடந்த பேச்சையும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்ததற்காக விழுந்த ஓட்டு எத்தனை, சொந்த ஜாதிக்காரர் என்பதற்காக விழுந்த ஓட்டு எத்தனை என்று பெட்டிக்குத் தெரியாது.

அதன்பிறகு 1977-ல் குமரி அனந்தன். பார்லிமெண்டில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகப் போராடியவர் என்பதால் அவர் பெயரைத் தனியாகச் சொல்லுகிறேன். பிறகு டென்னிஸ் 1980 முதல் ஆறு முறை.

இதற்கு நடுவில்தான் 1982 வருகிறது. மண்டைக்காட்டுக் கலவரத்தில், மார்ச்சு 1-ந் தேதி போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் 6 பேர் மாண்டார்கள். பிறகு கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே வீடும் படகும் எரிந்தன. கோயில் மேல் குற்றமா, சர்ச்சின் மேல் குற்றமா என்று விவகாரம் பண்ணியவர்கள் எரிந்த குடிசைக்குக் கூரை போட வரவில்லை. அவர்களுக்கு வேறு லாபம் கிடைத்தது. 1984-ல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணியின் பாலச்சந்திரன் சுயேச்சையாக ஜெயித்தார். 1996-ல் அதே பத்மநாபபுரத்திலிருந்து பா.ஜ.க.வின் முதல் சட்டசபை அங்கத்தினராக வேலாயுதன் தமிழ்நாட்டுச் சபைக்குப் போனார், 1999-ல் பொன். இராதாகிருஷ்ணன் பார்லிமெண்டுக்குப் போனார். ஜில்லாவில் 2011 கணக்குப்படி இந்துக்கள் 100-க்கு 48, கிறிஸ்தவர்கள் 46, முஸ்லிம்கள் 4. தராசு ஏறக்குறைய சமமாக நிற்கிறதல்லவா? அதனால்தான் இரண்டு தட்டிலும் கை வைக்க இத்தனை பேர் வருகிறார்கள். பாதிரியாரின் சுற்றறிக்கையும் பூசாரியின் சத்தியமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இப்போது ஒரு கணக்குச் சொல்லுகிறேன், கேளுங்கள். 1952 முதல் 2024 வரை நாகர்கோவில் என்றும், 2009 முதல் கன்னியாகுமரி என்றும் பெயர் கொண்ட இந்தத் தொகுதியிலிருந்து பத்துப் பேர் பார்லிமெண்டுக்குப் போயிருக்கிறார்கள். காங்கிரஸ், ஜனதா, த.மா.கா., பா.ஜ.க., மார்க்சிஸ்டு, தி.மு.க. எல்லாக் கட்சியும் வந்துபோயின. இந்து வந்தார், கிறிஸ்தவர் வந்தார்; 2009-ல் ஒரு பெண்ணும் வந்தார். ஆனால் பத்துப் பேரும் ஒரே சமூகத்தவர்கள். வர்க்கம் பேசுகிற கட்சிகூட ஜாதிக் கணக்கைப் பார்த்துத்தான் ஆள் நிறுத்திற்று. ஒரு மீனவர் இல்லை. ஒரு தாழ்த்தப்பட்டவர் இல்லை. ஒரு முஸ்லிம் இல்லை. கடைசி இரண்டு பேரோ தகப்பனும் மகனும். 1977-ல் போனவர் அந்தத் தகப்பனுக்கு அண்ணன். 100-க்கு 91 பேர் படித்ததன் பலன் இது.

இதில் நஷ்டம் யாருக்கு? 2016-ல் இனையத்தில் பெரிய வர்த்தகத் துறைமுகம் கட்ட டில்லி மந்திரிசபை கொள்கையளவில் சம்மதித்தது. வீடும் கடலும் போகுமே என்று கரையோரம் எல்லாம் எதிர்த்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தேடுவதற்குக் கப்பல் அனுப்பச் சொல்லிப் பெண்கள் குழித்துறை ரயில்வே ஸ்டேஷனில் போய் உட்காரவேண்டியிருந்தது. பார்லிமெண்டில் அவர்களுடைய வாயாக ஒருவன் இருந்திருந்தால் தண்டவாளத்தில் உட்காருவார்களா? இந்தத் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தைப் பாருங்கள். கல்லைக் கொட்டி வாயில் கட்டினார்கள். அந்த வாயிலிலேயே படகு கவிழ்ந்து ஆட்கள் மாண்டிருக்கிறார்கள். மண் எங்கே சேரும், அலை எங்கே முறியும் என்று வள்ளக்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

2014-ல் 1,28,000-க்கு மேற்பட்ட ஓட்டில் ஜெயித்த பொன். இராதாகிருஷ்ணன் 2019-ல் ஏறக்குறைய 2,60,000 ஓட்டில் தோற்றதற்குத் துறைமுகமும் புயலும்தான் காரணம் என்று சிலர் சொல்லுகிறார்கள். முழுக்க அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. 2014-ல் எதிர்க்கட்சிகள் தனித்தனியாக நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டன. 2019-ல் அவைகளில் பெரும்பாலானவை ஒன்றாக நின்றன. ஆனாலும் சாமி பெயரைவிட மீன் விலையையும் உயிர்ச் சேதத்தையும் பற்றி அதிகமாகப் பேசப்பட்ட எலெக்ஷன் அது என்பதில் சந்தேகமில்லை.

சீட்டுகள் வந்திருக்கின்றன. முதல் சீட்டு: "மார்பை மூடக்கூடப் போராடிய சமூகம் இன்று பதவிக்கு வருவது தப்பா?" என்று கேட்டிருக்கிறது. தப்பே இல்லை. இன்னும் பத்துப் பேர் வரட்டும். ஆனால் 1859-ல் கேட்டதும், 1932-ல் கேட்டதும் என்ன? தொகையாக இருக்கிறவனுக்கு ஸ்தானம் ஏன் இல்லை என்பதுதானே? அதே கேள்வியை இன்று வள்ளக்காரனும், காலனியில் இருக்கிறவனும், இந்த ஊர் முஸ்லிமும் உங்களைப் பார்த்துக் கேட்டால் கோபித்துக்கொள்ள உங்களுக்கு நியாயமில்லை.

இரண்டாவது சீட்டு: "ஒரு முஸ்லிமோ மீனவரோ நின்றால் அதற்காகவே நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா?" போடமாட்டேன். துறைமுக வாயிலுக்கு என்ன செய்வாய், ஆள் காணாமல் போனால் எத்தனை மணி நேரத்தில் தேட ஏற்பாடு செய்வாய் என்று கேட்பேன். பதில் சரியாக இருந்தால் போடுவேன். ஆனால் கட்சிகள் அவரை நிறுத்தினால்தானே அவரை நான் கேள்வி கேட்க முடியும்?

மூன்றாவது சீட்டில், மார்த்தாண்டத்துக்குக் கடைசி பஸ் புறப்படப் போகிறது என்று எழுதியிருக்கிறது. வெளியூர்த் தோழர்கள் எழுந்திருக்கலாம். மற்ற சீட்டுகளுக்கு இங்கேயே இருப்பவர்களோடு உட்கார்ந்து பதில் சொல்லுகிறேன்.